மூன்று கம்பியில் வந்த தமிழ்

கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று சொன்னால் இன்று யாரும் வியப்படைவதில்லை. காலையில் பாட்டி கைத்தொலைபேசியில் அனுப்பும் பிள்ளையார் படம்கூட எத்தனையோ கணினிகளைத் தாண்டித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. ஆனால், அவை எப்படிப் பேசுகின்றன என்று யாராவது கேட்டுவிட்டால், கணினியியல் படிக்கும் எங்களைப் போன்றவர்களே சற்றுத் தடுமாறுவோம். நானும் அப்படித் தடுமாறியவன்தான். கடந்த பருவ விடுமுறையில் கோலா கெத்திலில் என் மாமா வீட்டுப் பின்னறையில் பத்து நாள் உட்கார்ந்த பிறகே எனக்கு ஓரளவு விளங்கியது.

நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் இப்போது பெயரளவில்தான் உள்ளது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பிறை என்று சிதறிப் போனார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. 1996 முதல் 1998 வரை மாமா அந்தக் கோயிலின் செயலாளராக இருந்தார். திருவிழா உபயக்காரர்களின் பட்டியலை, ஒவ்வொரு குடும்பத்தின் பெயர், லயத்து எண், பின்னர் அவர்கள் குடிபோன ஊர் ஆகியவற்றோடு ஒரு 486 கணினியில் தட்டி வைத்திருந்தார். அச்சடித்த தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. ஒரே ஒரு தாள் மட்டும் பாட்டியின் பெட்டியில் புடவைக்கு அடியில் தப்பியது. திருவிழாவுக்குப் பழைய குடும்பங்களை எல்லாம் அழைக்க வேண்டும் என்று கோயில் நிர்வாகம் முடிவு செய்தபோது, அந்தப் பட்டியல் மாமாவின் கணினியில் மட்டும்தான் இருந்தது.

அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது. நெகிழ்வட்டு இயக்கி செத்துவிட்டது. உள்ளிருக்கும் சிறு மின்கலமும் தீர்ந்துவிட்டதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது 1980 ஜனவரி 1 என்று தேதி காட்டும். வன்தட்டின் அளவுகளையும் நாம்தான் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வன்தட்டு ஏற்கெனவே ‘டக் டக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. “டேய், திருப்புளிய எடுத்துட்டு அதுகிட்ட வராதே” என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மிஞ்சியது பின்பக்கத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு சிறு முனை மட்டுமே. அதற்குத் தொடர்முனை என்று பெயர். அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், எதிரே பேச்சுக்குப் பேச்சு கொடுக்க இன்னொரு கணினி வேண்டும். என் மடிக்கணினியில் அத்தகைய முனை இல்லை. யூஎஸ்பி மாற்று வடம் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வீட்டில் இருந்த இன்னொரு கணினி, மாமா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் பினாங்கில் பழைய விலைக்கு வாங்கிய கொமடோர் 64. அது 1982இல் வெளிவந்த வீட்டுக் கணினி. 64 கிலோபைட்டு நினைவகம். திரைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி. என்னைவிட வயதில் மூத்த இரண்டு கணினிகளைப் பேச வைப்பதே என் முதல் வேலையாயிற்று.

தொடர்முனை வழியாகப் பேசுவதற்கான விதி ஆர்எஸ்-232. அமெரிக்காவில் 1960இல் வகுக்கப்பட்டது. அடிப்படையில் மூன்று கம்பிகள் போதும்: ஒன்று அனுப்ப, ஒன்று பெற, ஒன்று பொதுவாக. ஒரு கணினியின் வாய் மற்றதன் காதோடு சேர வேண்டும் என்பதால், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் குறுக்காக மாற்றிக் கட்ட வேண்டும். ஒன்பது ஊசி முனையில் 2 பெறுவதற்கு, 3 அனுப்புவதற்கு, 5 பொதுவானது. நேராகக் கட்டினால் இரண்டும் ஒரே கம்பியில் பேசிக்கொண்டிருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள்.

கம்பியில் போவது எழுத்தல்ல, மின்னழுத்தம். ‘A’ என்று இங்கே ஆங்கில எழுத்தை அச்சிடுவதைவிட, ஆங்கில அகரவரிசையின் முதல் பெரிய எழுத்து என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 65. இரும எண்ணாக எழுதினால் 01000001. யாரும் பேசாதபோது கம்பி 1 என்ற நிலையில் சும்மா கிடக்கும். எழுத்து புறப்படும் முன் ஒரு 0 போகும். அது கதவைத் தட்டுவது போல. பிறகு எட்டு இலக்கங்களும் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போகும். முடிவில் ஒரு 1. ஆக, எட்டு இலக்கச் செய்திக்குப் பத்து இலக்கப் பயணம். இரண்டு கணினிகளுக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. கதவு தட்டப்பட்ட நொடியிலிருந்து பெறுபவர் தாமாகவே நேரம் எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கத்தின் நடுப்பகுதியில் கம்பியைப் பார்த்துக் கொள்ள வேண்டும். அதனால்தான் இருவரும் வேகத்தை முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நொடிக்கு 300 இலக்கம் என்று வைத்தால் ஓர் இலக்கத்திற்கு 3.3 மில்லிநொடி, நொடிக்கு 30 எழுத்து. மெதுவாக வாசிப்பவர்கூட திரையில் எழுத்து வந்து விழுவதைக் கண்ணால் தொடரலாம்.

இங்கே ஓர் ஆபத்து. 486இன் முனையில் 1 என்பது எதிர்மின்னழுத்தம், 0 என்பது நேர்மின்னழுத்தம். ஏறக்குறைய 12 வோல்ட் வரை போகும். கொமடோரின் பயனர் முனையோ 0க்கும் 5க்கும் இடையில் வாழ்வது. இரண்டையும் நேரே இணைத்தால் கொமடோரின் 6526 சில்லு அன்றோடு சரி. நடுவில் மொழிபெயர்ப்பாளராக மேக்ஸ்232 என்ற சிறு சில்லு வேண்டும். 5 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, நான்கு மின்தேக்கிகளின் துணையோடு தேவையான நேர், எதிர் மின்னழுத்தங்களைத் தானே உருவாக்கிக் கொள்ளும் கெட்டிக்காரச் சில்லு. சுங்கைப் பட்டாணியில் ஒரு மின்னணுச் சாமான் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. அதோடு, கொமடோரின் பழைய மின்வழங்கியை அப்படியே செருகக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் 5 வோல்ட் ஒழுங்கி கெட்டால் மின்னழுத்தம் எகிறி நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். நாங்கள் முதலில் அளவுமானியால் அளந்து பார்த்தோம்.

நிரல் எழுதுவது நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. இரண்டிலும் பேசிக் மொழி இருந்தது. கொமடோரில் ‘ஓப்பன்’ கட்டளையில் 2 என்ற சாதன எண்ணையும் வேகத்திற்கு 6 என்ற குறியையும் கொடுத்தால் 300 வேகத்தில் முனை திறந்துவிடும். 486இல் டாஸோடு வந்த கியூபேசிக் இருந்தது. அங்கேயும் முனையின் பெயர், வேகம், எட்டு இலக்கம் என்று எழுதித் திறந்தேன். உடனே ‘சாதனம் பதிலளிக்கவில்லை’ என்ற பிழைச் செய்தி. ஒரு மாலை முழுவதும் கம்பியைத்தான் சந்தேகித்தேன். உண்மையில் கியூபேசிக், ‘எதிரே ஆள் தயாரா’ என்று சொல்லும் கூடுதல் கம்பிகளையும் எதிர்பார்க்கிறது. மூன்று கம்பி வடத்தில் அவை இல்லை. அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று மூன்று சிறு குறிகளைச் சேர்த்ததும் வழி திறந்தது.

முதல் செய்தியாக ஆங்கில எழுத்துகளில் ‘வணக்கம்’ என்று அனுப்பினேன். தொலைக்காட்சியில் வந்து விழுந்தது. ஆனால் பெரிய எழுத்தெல்லாம் சிறியதாகவும் சிறிய எழுத்தெல்லாம் பெரியதாகவும் இருந்தது! காரணம், கொமடோர் ஆஸ்கியைப் பின்பற்றுவதில்லை. பெட்ஸ்கி என்ற தன் சொந்த அட்டவணையைப் பின்பற்றுகிறது. 65 என்ற எண் சரியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த எண்ணுக்கு என்ன எழுத்து என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபாடு.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். ஏனெனில் தமிழ்க் கணிமையின் ஒரு தலைமுறை இந்தக் கருத்து வேறுபாட்டோடுதான் போராடியது.

வீட்டுக் கணினிகளின் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித் தீவாக இருந்தது. சின்கிளேர் ஸ்பெக்ட்ரத்துக்கு 1983இல் வந்த துணைக் கருவி, 64 ஸ்பெக்ட்ரம்கள் வரை ஒரே வலையில் சேர்க்க வழி செய்தது. ஆனால் சின்கிளேர் கணினிகளை மட்டும். பிபிசி மைக்ரோவுக்கு எக்கோநெட் என்ற வலையமைப்பு இருந்தது. இந்தியாவில் 1984இல் பள்ளிகளுக்கென்று தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டம் இந்த பிபிசி மைக்ரோவைத்தான் தேர்ந்தெடுத்தது. வேறு வேறு கணினிகள் பேசிக்கொள்ளத் தொடர்முனையும் தொலைபேசிக் கம்பியும்தான் பொதுப் பாலம். 1978 தொடக்கத்தில் சிகாகோவில் பனிப்புயலில் வீட்டுக்குள் அடைபட்ட வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சுவெஸும், தொலைபேசியில் அழைத்துச் செய்தி விட்டுச் செல்லும் கணினிப் பலகையை உருவாக்கினார்கள். மலேசியாவில் மிமோஸ் 1987இல் ரங்கோம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி வழி இணைத்தது. அதன் வழியில் வந்த ஜாரிங்தான் நம் பெற்றோர் தலைமுறைக்கு இணையத்தைக் காட்டியது.

ஆங்கிலத்திற்காவது ஆஸ்கி என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்ட ஓர் அட்டவணை இருந்தது. தமிழுக்கு? தமிழ் எழுத்துகள் 247. ஒரு பைட்டில் 256 எண்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் இடம் இருப்பது போல் தெரியும். ஆனால் முதல் 128 ஆஸ்கிக்குப் போய்விட்டதால் எஞ்சியது 128 மட்டுமே. அதற்குள் தமிழை அடக்க, எழுத்துகளைத் துண்டுகளாக்க வேண்டியிருந்தது: கொம்பு தனி, கால் தனி, மெய்கள் தனி. எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை உருவாக்கி, தான் தின் வீ போன்றவர்களின் துணையோடு 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான தளத்தில் தமிழை இணையத்தில் ஏற்றினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை வழங்கினார். ஒருவர் எழுத்துருவில் எழுதியதை மற்றவர் எழுத்துருவில் திறந்தால் கிடைப்பது தமிழாகவே இருக்காது. என் கொமடோரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பம் இதற்கு முன் விளையாட்டுப் பிள்ளை.

1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடு இவர்களை ஒரே கூரையின் கீழ் அமர்த்தியது. அதன் பிறகு பல நாடுகளில் இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டேம், டேப் என்று வேறு இரண்டை அறிவித்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. நா. கோவிந்தசாமி அதைப் பார்க்க இல்லை. அவர் 1999இலேயே மறைந்துவிட்டார். நாம் இன்று கைத்தொலைபேசியில் கவலையின்றித் தட்டும் யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், சாதாரண வீட்டுக் கணினிகள் அதைப் புரிந்துகொள்ள மேலும் பத்தாண்டு பிடித்தது. தமிழக அரசு 2010இல்தான் அதை ஏற்றது. மாமா பட்டியலைத் தட்டியது இந்தக் குழப்பத்தின் உச்சியில்.

சரி, பின்னறைக்குத் திரும்புவோம். கொமடோரின் எழுத்து வடிவங்களை நாமே மாற்றி வரையலாம். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் வ, ண, க், க, ம் ஆகியவற்றை வரைந்தேன். ‘ண’ ஒரு கட்டத்தில் அடங்க மறுத்ததால் அதற்கு மட்டும் இரண்டு கட்டம் கொடுத்தேன். (நம் எழுத்துகளின் அகலம் வரைந்து பார்த்தால்தான் தெரிகிறது.) 486இலிருந்து சில எண்களை அனுப்ப, தொலைக்காட்சியில் ‘வணக்கம்’ தமிழிலேயே வந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தடவை அனுப்பு” என்றார்.

வாரம் முடிந்து யூஎஸ்பி வடம் வந்தது. இனி மடிக்கணினிக்கே கோப்பை அனுப்பலாம். ஆனால் வெறுமனே கொட்டிவிட முடியாது. வழியில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் ஒரு குடும்பத்தின் பெயர் பிறழும். இதற்கு வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மோடம் முறையைப் பின்பற்றினேன். தோட்டத்துப் பெரட்டைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ‘வந்தாச்சு’ என்ற பதில் வந்த பிறகே அடுத்த பெயர். பதில் இல்லையென்றால் மறுபடி கூப்பிடுவார். எக்ஸ்மோடமும் அப்படித்தான். கோப்பை 128 பைட்டுக் கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் வரிசை எண்ணும், உள்ளே இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையும் சேர்த்து அனுப்பும். பெறுபவர் தாமும் கூட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் 6 என்ற எண்ணைத் திருப்பி அனுப்புவார், தவறென்றால் 21. 21 வந்தால் அதே கட்டு மறுபடி போகும்.

கோப்பு சுமார் 41,000 பைட்டு, அதாவது 321 கட்டு. 9600 வேகத்தில் ஒரு நிமிடம்கூட ஆகக் கூடாது. என் நிரல் 255 கட்டு வரை அழகாகப் போய் நின்றுவிட்டது. மூன்று முறையும் அதே இடம். வன்தட்டு அந்த இடத்தில் கெட்டுவிட்டது என்று எண்ணி எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அன்றிரவு சாப்பாட்டின்போதுதான் உறைத்தது: வரிசை எண்ணுக்கு ஒரு பைட்டுதான் இடம். 255க்குப் பிறகு 256 என்று அனுப்ப முடியாது. சுழியத்திற்குத் திரும்ப வேண்டும். படிவம் 1இல் மலாய் மொழியில் படித்த பாடம்! ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். 321 கட்டும் வந்து சேர்ந்தன.

மடிக்கணினியில் திறந்தால், எதிர்பார்த்தபடியே, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. மாமா விண்டோஸ் 3.1இன் ‘ரைட்’ செயலியில் தட்டியிருந்தார். அந்தக் கோப்பில் முதல் 128 பைட்டு தலைப்பு. பிறகு எழுத்துகள் வரிசையாக வரும். வால்பகுதியில் எழுத்துருவின் பெயர் இருக்கும். அது இன்று யாரும் பயன்படுத்தாத ஓர் எழுத்துரு. எனவே, பாட்டியின் பெட்டியில் தப்பிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் குறித்து அட்டவணை தயாரித்தேன். தாளில் இல்லாத சில எழுத்துகளை ஊர்ப் பெயர்களை வைத்து ஊகித்தோம். ‘சுங்கை’ என்ற சொல் அவ்வளவு முறை வந்தது பெரிய உதவி.

அட்டவணை மட்டும் போதவில்லை. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும். ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் எழுதும்: முதலில் க, அதன் பிறகே ஒகரக் குறி. ஆகவே என் நிரல் கொம்பைக் கண்டவுடன் எழுதிவிடாமல் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மெய் வந்த பின், அதற்கும் பின்னால் கால் வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகே எழுத வேண்டும். கோப்பும் பெருத்துவிட்டது. ‘வணக்கம்’ பழைய எழுத்துருவில் ஐந்து பைட்டு. இன்று வழக்கத்தில் உள்ள யூடிஎப்-8 முறையில் இருபத்தொன்று.

ஒன்று மட்டும் நிரலால் தீரவில்லை. ‘கௌ’ என்ற ஓரெழுத்தும், ‘கெ’, ‘ள’ என்ற ஈரெழுத்தும் அந்த எழுத்துருவில் ஒரே மூன்று துண்டுகள்தான். இப்படிப் பதினான்கு இடங்கள். பெயர்களில் வந்தவை பெரும்பாலும் கௌரியும் கௌசல்யாவும் என்பதால் நாமே முடிவு செய்துவிடலாம். ஓரிடத்தில் மட்டும் வீட்டுப்பெயர் போல ஏதோ சொல். இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பாட்டியிடம் லயத்து எண்ணைச் சொன்னேன். எழுத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அந்த வீட்டுக்கு முன்னால் ஒரு மாங்காய் மரம் இருந்தது, அவர்கள் கூலிம் பக்கம் போனார்கள், மூத்தவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். பெயரையும் சொன்னார். ‘கௌ’ தான்.